மசில் காரைப் புதுப்பித்து நவீனமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள டிராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் ஊர்களில் கார் தொழிலை நம்பி வந்த தமிழர்கள் நிறைய. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் நடக்கும். பழைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடமிருந்து வருடா வருடம் எனக்கு அதே சந்தேகங்கள்தான் வரும். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 1967 முதல் 1969 வரையிலான செவர்லே கமாரோவை வைத்துத்தான் விளக்குகிறேன், மற்ற வண்டிகள் வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன். விலையெல்லாம் அமெரிக்க டாலரில்.

"பழைய அமெரிக்கக் கார் எல்லாமே மசில் கார்தானே?"

இல்லை. பெரிய காருக்கென்று செய்த வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினை, நடுத்தர அளவுள்ள சாதாரண விலைக் காருக்குள் வைத்து விற்றால் அது மசில் கார். 1964ல் வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்து கணக்கு வைப்பது வழக்கம். நடுத்தரக் காரில் 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேல் என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் அப்போது விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலிருந்த பான்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல என்ஜினைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு ஆப்ஷனாகச் சேர்த்து அந்த விதியைத் தாண்டினார்கள். வண்டி விற்றுத் தீர்ந்ததும் விதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஃபோர்டு முஸ்டாங், கமாரோ இரண்டும் அளவில் சிறியவை, அவற்றை போனி கார் என்று பிரித்துச் சொல்வார்கள். பட்டறை வேலை என்று வரும்போது எல்லாம் ஒரே குடும்பம். 1971ல் என்ஜின்களின் கம்ப்ரஷனை (பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவை) குறைத்தார்கள், இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அத்துடன் அந்தக் காலம் முடிந்தது.

"ரெஸ்டோரேஷன், ரெஸ்டோமாட், ரெண்டும் ஒண்ணுதானே?"

ரெஸ்டோரேஷன் என்றால் வண்டி ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவருவது. போல்ட்டின் தலையில் இருக்கும் முத்திரை, அடியில் சாக்பீஸால் எழுதிய குறி வரை பார்ப்பவர்கள் உண்டு. ரெஸ்டோமாட் என்றால் தோற்றம் பழையது, ஓடும் விதம் இன்றையது. பிரேக், ஸ்டீயரிங், கியர்பாக்ஸ், ஏசி, சில சமயம் என்ஜினும் மாறும்.

இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அதுதான் ஏற்றது என்பது என் கருத்து. 1960களின் டிரம் பிரேக்கோடு இன்றைய ஐ-75 நெடுஞ்சாலையில் போவது ரசிக்கக்கூடிய அனுபவம் கிடையாது.

"முதல் வண்டியா எதை வாங்கறது?"

உதிரிபாகம் எதற்கு நிறையக் கிடைக்கிறதோ அதை. 1967–69 கமாரோ, 1965–70 முஸ்டாங், 1968–72 செவர்லே செவல். இந்த மூன்றுக்கும் கதவு ரப்பரிலிருந்து முழுத் தகர உடல்வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1969 மாடல் கமாரோ மட்டும் ஏறத்தாழ 2,43,000 வெளிவந்தது. இத்தனை வண்டி ஓடியதால்தான் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கும் தொழில் நடக்கிறது.

டாட்ஜ் சார்ஜர் 1968–70 அழகான வண்டி. ஆனால் விலையும் அதிகம், பாகமும் குறைவு. முதல் வண்டியாக வேண்டாம். எதை வாங்கினாலும் என்ஜின் நல்லதாக, உடல் மோசமாக இருப்பதைவிட, என்ஜினே இல்லாமல் உடல் கெட்டியாக இருக்கும் வண்டியே மேல். இதற்குக் காரணம் அடுத்த பதிலில்.

"பாக்கப் போறேன். எங்கெங்கே கையை வச்சுப் பாக்கணும்?"

துருவைத் தேடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கெட்டுப்போன என்ஜினை ஒரு வார இறுதியில் தூக்கிவிட்டு வேறு வைக்கலாம். துருப்பிடித்த உடலைச் சரிசெய்வது மாதக்கணக்கான வெட்டு, வெல்டிங், டிங்கரிங் வேலை. அதிலும் மிச்சிகன், ஒஹாயோ போல குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்து வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. அரிசோனா, நியூ மெக்சிகோ, தென் கலிஃபோர்னியா வண்டிகளுக்கு அதிக விலை கேட்பார்கள். லாரியில் ஏற்றிவரும் செலவையும் சேர்த்துப் பார்த்தாலும் அதுவே லாபமாக முடியும்.

கமாரோவில் பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள ஓடை, டிக்கியின் இரு ஓரக் குழிகள், முன் கண்ணாடியின் அடிப்பகுதி, முன் சப்ஃப்ரேமும் (என்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டம்) உடலும் போல்ட்டில் சேரும் இடம், இவற்றை முதலில் பாருங்கள். வினைல் கூரை ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் தண்ணீர் தேங்கித் தகரத்தைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம், ஓரத்தை விரலால் அழுத்தினால் நொறுங்கும் சத்தம் கேட்கும். செவலில் சக்கரத்துக்குப் பின்னால் ஃப்ரேம் வளைந்து போகும் இடத்தைச் சிறிய சுத்தியலால் தட்டுங்கள், மந்தமான சத்தம் வந்தால் உள்ளே மண்ணும் துருவும் நிறைந்திருக்கிறது. முஸ்டாங்கில் முன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளைகள் வழியாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கவுல், அதாவது அந்தத் துளைகளுக்கு அடியில் இருக்கும் தகரப் பகுதி, ஓட்டை. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு மொத்தப் பகுதியையும் பிரிக்க வேண்டும்.

கையில் சிறிய காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டு ஓரங்களிலும் கதவுக்குக் கீழும் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி தடிமனாக இருக்கிறது. விற்பவர் இதற்குச் சங்கடப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

"எஸ்எஸ்னு பேட்ஜ் ஒட்டியிருக்கு. நிஜமாவே எஸ்எஸ்தானா?"

எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், செவர்லேயின் சக்தி கூடிய பதிப்பு. பேட்ஜ் கடையில் கிடைக்கும். நம்ப வேண்டியது எண்களையும் காகிதத்தையும். 1968 மாடலிலிருந்து கமாரோவின் வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) டேஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகத் தெரியும் இடத்தில் இருக்கும். 1967ல் கதவுத் தூணில் இருக்கும். 1969 கமாரோவில் 12437 என்று தொடங்கினால் வி8 கூப்பே. அதன்பின் வரும் 9 மாடல் ஆண்டு, அடுத்த எழுத்து என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஃபேக்டரி, எல் என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். எஸ்எஸ்ஸா இல்லையா என்று இந்த எண் சொல்லாது. அதனால்தான் போலி எஸ்எஸ் கமாரோக்கள் இவ்வளவு சுற்றுகின்றன.

மற்ற வண்டிகளில் கொஞ்சம் சுலபம். 1966 முதல் 1968 வரையிலான செவலில் 138 என்று தொடங்கினால் எஸ்எஸ். 1969லிருந்து அது வெறும் ஆப்ஷனாகிவிட்டது, எண்ணில் தெரியாது. 1966 முதல் 1971 வரையிலான ஜிடிஓ 242 என்று தொடங்கும். டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் ஐந்தாவது எழுத்தே என்ஜின் குறி: 1970, 1971 மாடல்களில் அது ஆர் என்றால் 426 கன அங்குல ஹெமி என்ஜின். ஃபோர்டுக்கு 1967 மாடலிலிருந்து வண்டி எப்படித் தயாரானது என்று ஃபேக்டரிப் பதிவிலிருந்து சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம், பான்டியாக்குக்கு அதேபோல பிஎச்எஸ் ஆவணம் உண்டு. அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. சீட்டின் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ சிக்கியிருக்கும் பில்ட் ஷீட் (ஃபேக்டரியின் தயாரிப்புச் சீட்டு) அல்லது முதல் உரிமையாளரின் காகிதங்கள் கிடைத்தால்தான் உண்டு.

ரெஸ்டோமாட் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் போலியாக இருந்தாலும் பரவாயில்லை, சாதாரண கமாரோ விலைக்கு வாங்கும் வரை.

"அப்போ நம்பர்ஸ் மேட்சிங் வண்டி கிடைச்சா அதை மாத்தலாமா?"

என்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் வண்டியின் வின் எண்ணும் ஒத்துப்போனால் அதை நம்பர்ஸ் மேட்சிங் என்பார்கள். அதோடு எஸ்எஸ்396 அல்லது இசட்28 போன்ற சிறப்புப் பதிப்பு என்பதற்கு ஆதாரமும் இருந்தால், தயவுசெய்து வெட்டாதீர்கள். இப்படிப்பட்ட வண்டிகள் இனி பிறக்கப் போவதில்லை. அதை அப்படியே பாதுகாக்க நினைப்பவருக்கு விற்றுவிட்டு, என்ஜின் மாறிப்போன ஒரு சாதாரண வண்டியை வாங்கிச் செய்யுங்கள். பணமும் மிஞ்சும்.

விற்க மனம் வரவில்லையா? போல்ட்டில் பொருத்திக் கழற்றக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். பழைய என்ஜினுக்கு எண்ணெய் பூசி, ஈரம் புகாமல் மூடி, ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு ஒட்டி வைத்தால் அடுத்து வாங்குபவர் உங்களை வாழ்த்துவார்.

"வேலையை எங்கே ஆரம்பிக்கிறது? என்ஜின்தானே முதல்ல?"

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஷெட்டில் பாதியில் கிடக்கும் வண்டிகளில் பலவற்றில் பளபளவென்று ஒரு என்ஜின் மட்டும் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். 450 குதிரைத்திறன் வந்துவிட்டது, அதை நிறுத்த பிரேக் இல்லை, தாங்க உடல் இல்லை, பணமும் தீர்ந்துவிட்டது.

நான் சொல்லும் வரிசை: தகரமும் வெல்டிங்கும், பிரேக், சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும், ஒயரிங், பெட்ரோல் டாங்க்கும் குழாய்களும், அதன்பின் என்ஜினும் கியர்பாக்ஸும், கடைசியில் பெயிண்ட். இடையிடையே பழைய என்ஜினோடு வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க முடிந்தால் ரொம்ப நல்லது. ஓடும் வண்டியின் மேல் ஆர்வம் குறையாது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எல்லா பாகத்தையும் ஒரு தடவை பொருத்திப் பார்த்துவிட வேண்டும். புதிதாகச் செய்த மட்கார்டு, பானெட் எதுவும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சரியாக உட்காராது, இடைவெளிகளைத் தட்டி, வெட்டி, வெல்டு செய்துதான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

"பிரேக்குக்கு டிஸ்க் கிட் வாங்கி மாட்டினா போதுமா?"

1967 கமாரோவில் நான்கு சக்கரத்துக்கும் 9.5 அங்குல டிரம்தான் வந்தது, முன் டிஸ்க் ஆப்ஷன். முன்னால் 11 அங்குல டிஸ்க், பின்னால் பழைய டிரம் என்று வைத்தாலே அன்றாட ஓட்டத்துக்குப் போதும். டிஸ்க்கை மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரையும், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் புரபோர்ஷனிங் வால்வையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அவசரத்தில் மிதித்தவுடன் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். 1965, 1966 முஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் அதை இரட்டை அறை சிலிண்டராக மாற்றுங்கள்.

இன்னும் பெரிய பிரேக் வேண்டுமென்றால் சக்கரத்தைக் கவனியுங்கள். 13 அங்குல டிஸ்க் வைத்தால் 17 அங்குலச் சக்கரம் தேவைப்படும். பழைய 14 அங்குல ராலி வீல் அழகு போய்விடும். பூஸ்டர் வேலைசெய்ய என்ஜினிலிருந்து 18 அங்குல பாதரச அளவுக்கு வெற்றிடம் கிடைக்க வேண்டும். காட்டமான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட என்ஜினில் அது கிடைக்காது. அப்போது பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் வைப்பது நல்ல வழி.

"நேரா போகும்போதே வண்டி மிதக்குது. ரேக் ஸ்டீயரிங் மாத்தணுமா?"

முதலில் அலைன்மென்ட். அந்தக் காலத்து அளவுகள் பயஸ் பிளை என்ற பழைய வகை டயருக்காக எழுதப்பட்டவை. இன்றைய ரேடியல் டயருக்கு பாசிட்டிவ் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 3 முதல் 5 டிகிரி வரை இருந்தால் வண்டி தானாக நேர்கோட்டைப் பிடிக்கும். பழைய மேல் கன்ட்ரோல் ஆர்மில் அவ்வளவு வராது, திருத்திச் செய்த ஆர்ம் வாங்க வேண்டும். தேய்ந்த ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எல்லாவற்றையும் மாற்றி, கமாரோவுக்கு 12.7:1 விகிதமுள்ள வேகமான ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதற்குமேல் தேவைப்படாது.

முஸ்டாங்காரர்களுக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது: ஷெல்பி டிராப். மேல் கன்ட்ரோல் ஆர்மின் துளைகளை ஒரு அங்குலம் கீழே இறக்கித் துளைப்பது. ஒரு அச்சுத் தகடும் டிரில்லும் போதும், வளைவில் வண்டி நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். கமாரோவில் முன் சப்ஃப்ரேம் உடலோடு ரப்பர் வைத்துப் பொருத்தப்பட்டது. சப்ஃப்ரேம் கனெக்டர் வைத்து முன்னையும் பின்னையும் இணைத்தால் முறுக்கம் குறையும், கதவு தடதடப்பதும் நிற்கும்.

"எல்லாரும் எல்எஸ், எல்எஸ்ங்கறாங்க. அதுல அப்படி என்ன?"

எல்எஸ் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8 என்ஜின் குடும்பம். 1997ல் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டோடு வந்த எல்எஸ்1தான் தொடக்கம். 5.7 லிட்டர், அலுமினிய பிளாக், 345 குதிரைத்திறன். 2008 கார்வெட்டில் வந்த எல்எஸ்3 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். இதன் வால்வுகளைத் தள்ளுவது பழைய பாணி புஷ்ராட், அதனால் என்ஜினின் அகலம் குறைவு, பழைய வண்டிகளின் பானெட்டுக்கு அடியில் தாராளமாக உட்காரும். 396 கன அங்குல பிக் பிளாக் என்ற பெரிய பழைய என்ஜினை எடுத்துவிட்டு இதை வைத்தால் மூக்கில் 200 பவுண்டுக்கு மேல் எடை குறையும். காலையில் சாவி திருப்பினால் உடனே பிடிக்கும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும்.

புது எல்எஸ்3 வாங்கினால் என்ஜினுக்கு மட்டும் 10,000 டாலரை ஒட்டி ஆகும். அதைவிட, 1999 முதல் 2007 வரையிலான சில்வராடோ, டாஹோ வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் எல்எம்7ஐ உடைசல் யார்டில் தேடிப் பிடிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இரும்பு பிளாக், எடை கொஞ்சம் கூடுதல், ஆனால் உழைக்கும். கமாரோவில் வைக்க டிரக்கின் ஆயில் பான் ஆழம் ஒத்துவராது, தனியாக வாங்க வேண்டும். மவுன்ட் அடாப்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஒயரிங், கம்ப்யூட்டர், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தால் என்ஜின் விலையைவிட அதிகம் வந்து நிற்கும். இதை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை.

"முஸ்டாங்ல கொயோட்டி என்ஜின் போகுமா?"

போகும், சிரமப்பட்டு. 2011 முஸ்டாங்கில் 412 குதிரைத்திறனோடு வந்த 5.0 லிட்டர் கொயோட்டிக்குப் பக்கத்துக்கு இரண்டு ஓவர்ஹெட் கேம் (என்ஜினின் தலையில் இருக்கும் கேம்ஷாஃப்ட்). அதனால் அகலமான என்ஜின். பழைய முஸ்டாங்கின் ஷாக் டவர்களை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் தகரத் தூண்கள்) வெட்டி எடுத்து, முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருக்கும். மேலே சொன்ன ஷெல்பி டிராப்புக்கும் அங்கே இடமில்லாமல் போகும்.

வெட்ட மனமில்லாதவர்களுக்கு 1987–95 முஸ்டாங்கின் 5.0, அதாவது 302 என்ஜின் இருக்கிறது. பழைய 289 என்ஜினின் குடும்பம் என்பதால் மவுன்ட் முதல் பெல் ஹவுசிங் வரை ஒத்துப்போகும். ரோலர் கேம், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இரண்டும் உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும்.

"அந்தக் காலத்துலயே 400 குதிரைத்திறன் இருந்துச்சே, புதுசு எதுக்கு?"

அன்றைய எண்ணும் இன்றைய எண்ணும் வேறு வேறு அளவுமுறை. 1971 வரை விளம்பரத்தில் போட்டது கிராஸ் கணக்கு: ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி அளந்தது. 1972லிருந்து நெட் கணக்கு, வண்டியில் இருக்கிறபடி எல்லாவற்றையும் மாட்டி அளப்பது. கார்வெட்டின் அடிப்படை 350 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1971ல் 270 குதிரைத்திறன், 1972ல் 200. கம்ப்ரஷன் அதேதான், பெரும்பகுதி அளக்கும் முறையால் வந்த வித்தியாசம். எல்எஸ்3யின் 430 நெட் கணக்கு. 1970 செவல் எஸ்எஸ்454ன் 450 கிராஸ் கணக்கு.

"பழைய என்ஜினையே வச்சுக்கிட்டு இன்ஜெக்ஷன் மட்டும் போடலாமா?"

தாராளமாக. கார்புரேட்டர் இருந்த இடத்தில் உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் கிட்கள் கிடைக்கின்றன. ஓடும்போதே ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். சிக்கல் பெட்ரோல் பக்கத்தில்தான் வரும். பழைய மெக்கானிக்கல் பம்ப் 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் தரும், இன்ஜெக்ஷனுக்கு 58 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். வெளியே தொங்கவிடும் பம்ப் இரைச்சல் போடும், வெயிலில் சூடாகும். பம்ப் உள்ளேயே இருக்கும் புது டாங்க் வாங்கிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும், இந்த அழுத்தத்தில் அது நேராகத் தீயில் போய் முடியும். எல்லாக் குழாயையும் இன்ஜெக்ஷனுக்கென்று மதிப்பிட்டதாக மாற்றுங்கள்.

பழைய என்ஜினில் ஃப்ளாட் டேப்பட் கேம் (ரோலர் இல்லாமல் உரசி ஓடுவது) இருந்தால் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள எண்ணெய் ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணெயில் அது குறைவு, கேம் தேய்ந்துவிடும்.

"நெடுஞ்சாலையில 70ல போனா என்ஜின் அலறுதே?"

கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் (வேகத்தில் என்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர்) இல்லாததால். பின் ஆக்ஸில் 3.73, டயர் உயரம் 26 அங்குலம் என்று வைத்தால், 70 மைல் வேகத்தில் நேர் நான்காம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,370 சுற்று சுற்றும். 0.68 விகிதமுள்ள ஐந்தாம் கியர் இருந்தால் அதே வேகத்தில் 2,300தான். காதுக்கும் நிம்மதி, பெட்ரோலும் மிச்சம். நான் மேலே பட்டியலிட்ட எதையும்விட, நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அதிகச் சந்தோஷம் கொடுப்பது இந்த ஒரு மாற்றம்தான். டிரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியர் பாக்ஸ், பெரும்பாலான பழைய வண்டிகளின் தரையை வெட்டாமலே உள்ளே போகும். டி56 ஆறு கியருக்கு டன்னலை வெட்டி உயர்த்த வேண்டியிருக்கலாம். ஆட்டோமேட்டிக் பிரியர்களுக்கு 4எல்60இ, அதிக சக்திக்கு 4எல்80இ.

"ஒயரிங்கை அப்படியே விடலாமா? ஏசியும் வைக்கணும்."

விடக்கூடாது. ஐம்பது வருடத்துக்கு மேலான ஒயரின் உறை நொறுங்கும், இடையில் யாரோ ரேடியோவுக்கு, யாரோ அலாரத்துக்கு என்று ஒட்டுப்போட்டிருப்பார்கள். புது ஃப்யூஸ் பெட்டியோடு வரும் முழு ஹார்னஸ் (ஒயர் தொகுப்பு) வாங்குங்கள். இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன், பெட்ரோல் பம்ப், ஏசி எல்லாம் சேர்ந்தால் அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் தாங்காது, 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் மொத்த மின்சாரமும் டேஷில் உள்ள அம்மீட்டர் வழியாகப் போய்வரும். பெரிய ஆல்டர்னேட்டர் வைக்கும் முன் அதைத் தவிர்த்து ஒயர் போடுவது கட்டாயம்.

ஏசிக்கு பழைய ஆர்-12 வாயுவை மறந்துவிடுங்கள், அமெரிக்காவில் 1995 முடிவோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. டெக்சஸின் சான் அன்டோனியோவிலிருந்து வின்டேஜ் ஏர் போன்றவர்கள் ஆர்-134ஏவில் ஓடும் முழு கிட் செய்கிறார்கள். டேஷ்போர்டுக்குள் மறைந்துவிடும், பழைய கன்ட்ரோல் நெம்புகோலையே பயன்படுத்தலாம்.

"பெயிண்ட் நாமே அடிச்சுடலாமா?"

தகர வேலை, பட்டி, தேய்ப்பு எல்லாம் நீங்களே செய்யலாம். அதில்தான் கூலி அதிகம், பொறுமைதான் முக்கியம். மணல் அடித்துச் சுத்தம் செய்யும்போது கதவு, பானெட், கூரை போன்ற தட்டையான தகரங்களில் அழுத்தம் கூட்டி அடித்தால் வளைந்துவிடும், திரும்ப நேராக்க முடியாது. வெறும் தகரம் தெரிந்தவுடன் எபாக்சி பிரைமர் போட்டுவிடுங்கள்.

கடைசிப் பூச்சை ஸ்ப்ரே பூத் உள்ளவரிடம் விடுங்கள். இன்றைய கிளியர்கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசம் வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில் குழந்தைகள் பக்கத்து அறையில் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

"மொத்தத்துல எவ்வளவு ஆகும்?"

கடையில் முழுவதையும் ஒப்படைத்தால் வேலை ஆயிரம் மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டும். மணிக்கு 100 டாலருக்குக் குறைவாக நல்ல பட்டறை கிடைப்பது கடினம். பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பாகங்கள். அதனால்தான் கட்டி முடித்த வண்டி ஒன்று ஏலத்தில் அதைக் கட்டிய செலவைவிடக் குறைவாக விற்பது சாதாரணமாக நடக்கிறது. அவசரமாக ஓட்ட வேண்டும் என்பவர் யாரோ கட்டி முடித்ததை, வேலையின் போட்டோக்களோடு வாங்குவது புத்திசாலித்தனம்.

லாபத்துக்காக இதில் இறங்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்வேன். நீங்களே செய்தால் செலவு பாதிக்குக் கீழே வரலாம். பதிலுக்கு வருடங்கள் ஆகும்.

"எமிஷன், ரிஜிஸ்ட்ரேஷன் சிக்கல் வருமா?"

மிச்சிகனில் அவ்வப்போதான எமிஷன் சோதனை கிடையாது. கடுமைக்குப் பேர்போன கலிஃபோர்னியாவிலும் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. இங்கே பேசிய வண்டிகள் எல்லாமே அதில் அடங்கும்.

கவனிக்க வேண்டியது வின் எண். புதிதாகச் செய்த முழு கமாரோ உடலை டைனகார்ன் விற்கிறது. துருப்பிடித்த பழைய வண்டியின் வின் தகட்டைக் கழற்றி அந்தப் புது உடலில் மாட்டிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது குற்றம், வண்டியையே பறிமுதல் செய்யக்கூடும். புது உடலுக்கு உங்கள் மாநில விதிப்படி தனி எண் வாங்க வேண்டும். இன்சூரன்ஸை, மிச்சிகனின் ட்ராவர்ஸ் சிட்டியில் உள்ள ஹேகர்ட்டி போன்ற பழைய வண்டிக்கென்றே இருப்பவர்களிடம் ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில் (வண்டியின் மதிப்பை முன்பே பேசி வைப்பது) எடுங்கள். சாதாரண பாலிசியில் அதை வெறும் ஐம்பது வருடப் பழைய காராகத்தான் பார்ப்பார்கள்.

"கட்டி முடிச்சு தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டலாமா?"

இதைக் கேட்காதவர் குறைவு. இந்தியாவில் 2021ல் வந்த விதிகளின்படி ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எல்எஸ் என்ஜினும் மாற்றிய சப்ஃப்ரேமும் உள்ள வண்டி அதில் அடங்காது. அப்படிப் பதிவு செய்த வண்டியையும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், இரண்டாவது கேள்வியில் சொன்ன அசல் ரெஸ்டோரேஷன் பக்கம் போங்கள். வாங்கும் முன்பே இந்திய சுங்கத்துறை விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.